இமைப்பொழுதும் இயக்கமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கண்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு அமைப்பாளர் என்னைப் பணித்தார். தமிழாசிரியை ஒருத்தியிடம் இத்தலைப்பைக் கொடுத்தால் அவள் குறிப்பறிதலுக்கும் கண்விதுப்பழிதலுக்கும் போவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நானும் முதலில் அவ்வாறே குறிப்பெடுத்தேன். ஆயினும் கண்ணைப் பற்றிப் புலவர்கள் பாடியவற்றை இந்த அவை என்னினும் நன்கறியும். கண் தன்னளவில் என்ன செய்கிறது, எதனைச் செய்யாமல் விடுகிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே எடுத்த குறிப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மினுங்கும் ஒளியையும் அசையும் பொருளையும் கண் எவ்வாறு காண்கிறது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் இயற்பியல் கற்றவள் அல்லள். எனினும் இதனைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. அதனையே முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

தந்தையார் சொன்ன விடுகதை

என் தந்தையார் கோவையில் ஒரு பட்டறையில், லேத் எனப்படும் கடைசல் பொறியில் முப்பது ஆண்டுகள் பணி செய்தவர். அவருடைய வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியளவே இருக்கும். அந்தக் கையால்தான் என் கையைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தார். மீதி விரல் எங்கே போயிற்று என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன விடை ஒன்றே: “சுத்தறது நின்னாப்பல தெரியும், அம்மிணி. தெரியும், ஆனா நிக்கல.”

நெடுநாள் அதனை ஒரு விடுகதை என்றே எண்ணியிருந்தேன். கல்லூரியில் பணியேற்ற பின் இயற்பியல் துறைத் தோழி ஒருவரிடம் தற்செயலாக அதனைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுமின்னோட்டம். ஒவ்வொரு சுழற்சியிலும் அது இருமுறை உச்சத்தைத் தொட்டு இருமுறை சுழியாகிறது. ஆதலால் சோக் வைத்த பழைய குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. நம் கண் அதனை அறிவதில்லை. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்னும் வட்டப் பிடிப்பானில் நான்கு தாடைகள் இருக்கும். அது நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுற்றுமானால், வினாடிக்கு 25 சுற்று. வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் சரியாகக் கால் சுற்று. விளக்கு ஒருமுறை ஒளிர்ந்தபோது ஒரு தாடை இருந்த இடத்திற்கு, மறுமுறை ஒளிரும்போது அடுத்த தாடை வந்துவிடுகிறது. நான்கும் ஒன்றுபோல் இருப்பதால், சுழலும் சக்கரம் கண்ணுக்கு நின்றதாகவே தோன்றுகிறது.

அன்று இரவுமுறைப் பணி. பொறிக்கு மேலே தொங்கிய குண்டு விளக்கு எரியவில்லை. மற்றப் பொறிகளின் இரைச்சலில் தம் பொறியின் ஒலி தனித்துக் கேட்கவில்லை. குழல் விளக்கின் ஒளியில் சக்கரம் நின்றிருந்தது. தந்தையார் கையை நீட்டினார்.

குண்டு விளக்கின் இழை உடனே குளிர்வதில்லை. ஆகையால் அதன் ஒளி அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. சுழலும் பொறிக்கு அருகில் ஒரு குண்டு விளக்கு வேண்டும் என்று முன்னாளில் வற்புறுத்தியது இதனால்தான். தொழில் தெரிந்தவர்கள் இதனை அறிந்தே இருந்தார்கள். அன்று அந்த விளக்கை மாற்றி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண் காணும் காட்சிகளுக்கு நடுவே காணாத இடைவெளிகள் உள்ளன. அவற்றை நிரப்பி, இடைவெளியே இல்லாததுபோல் காட்டுவது மனம். அந்த நிரப்பலால் நமக்குக் கிடைப்பது மிகுதி. சில வேளைகளில் இழப்பதும் உண்டு. இதுவே என் உரையின் பொருள்.

கொள்ளி வட்டம்

இருளில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தோன்றும். தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பைச் சுழற்றிய குழந்தைகள் அனைவரும் இதனை அறிவர். கௌடபாதர் தம் மாண்டூக்கிய காரிகையின் நான்காம் பகுதியில், உலகத் தோற்றத்திற்கு இக்கொள்ளி வட்டத்தையே உவமையாக்கினார். அப்பகுதிக்குப் பெயரும் ‘அலாதசாந்தி’, அதாவது கொள்ளியின் அமைதி. மெய்ப்பொருள் அறிஞர் உவமையாகக் கொண்டதை, அயர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த செவாலியே தார்சி 1765இல் அளந்து பார்த்தார். கனல் துண்டு ஒன்றைப் பொறியில் பொருத்திச் சுழற்றினார். ஒரு சுற்று ஏறத்தாழ 0.13 வினாடியில் முடியும்போது வட்டம் அறுபடாமல் தெரிந்தது.

இந்த அளவு எல்லா ஒளிக்கும் ஒன்றன்று. ஒளி மிக மிக, கண்ணும் விரைவு கொள்கிறது. 1892இல் பெரியும் 1902இல் போர்ட்டரும் இதனை ஒரு விதியாகவே வகுத்தார்கள். மங்கிய ஒளியில் வினாடிக்கு 15 அல்லது 20 முறை மினுங்கும் விளக்கே தொடர்ந்து எரிவதாகத் தோன்றிவிடும். நல்ல வெளிச்சத்தில் அதற்கு 50, 60 முறை மினுங்க வேண்டும். அவ்வாறு மினுக்கம் மறைந்தபின் கண் உணர்வது எதனை? இங்கிலாந்தின் டால்பட் 1834இலும் பெல்ஜியத்தின் பிளாட்டோ 1835இலும் விடை தந்தனர். ஒளிர்ந்த நேரத்தையும் இருண்ட நேரத்தையும் கூட்டிப் பகிர்ந்த சராசரியையே கண் உணர்கிறது. இருள் கணக்கில் சேர்கிறது. இருளாக மட்டும் தெரிவதில்லை.

இன்னொன்றும் கவிஞர்கள் கருத்தக்கது. நேர்ப்பார்வையைக் காட்டிலும் கடைக்கண்ணே மினுக்கத்தை விரைந்து அறியும். பழைய குழாய்த் திரைக் கணிப்பொறியை நேரே நோக்கியபோது அமைதியாகத் தெரிந்த திரை, பக்கவாட்டில் பார்க்கையில் துடித்தது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். கடைக்கண் எழுத்தைப் படிக்காது, முகத்தைத் தெளிவாகக் காணாது. அசைவை மட்டும் தவறவிடாது. கடைக்கண் நோக்கை நம் காதற் கவிதை பெரிதும் போற்றியது. உருவத்திற்கு முன்னே அசைவை அறியும் கண் அது என்பதை அக்கவிதைகளோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

இந்த எல்லையும் மாந்தர்க்கே உரியது. புறாவின் கண் வினாடிக்கு 100 மினுக்கங்களையும் பிரித்தறியும். ஈயின் கண் 200க்கு மேலும் பிரித்தறியும். நாம் ‘நிலையான ஒளி’ என்று சொல்வது நம் கண்ணுக்கு நிலையானது என்ற அளவிலேயே உண்மை.

இயக்கம் எங்கே நிகழ்கிறது?

இனி இயக்கத்திற்கு வருவோம். ஆங்கிலச் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்து 1852இல் ‘தெசாரஸ்’ வெளியிட்ட ரோஜே என்பாரை நாம் அறிவோம். நம் நிகண்டாசிரியர்களுக்கு அவர் தொலைதூர உறவினர். அவர் மருத்துவருமாவார். வண்டிச் சக்கரம் ஒன்று உருண்டு செல்வதைச் செங்குத்தான கட்டைகளின் இடைவெளி வழியே பார்த்தால், நேரான ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவதைப் பற்றி 1824 டிசம்பரில் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். விழித்திரையில் பதிந்த தோற்றம் சிறிது நேரம் நீங்காதிருப்பதே காரணம் என்றார். பின்னாளில் திரைப்படம் அசைவதற்கும் இதனையே காரணமாகப் பல நூல்கள் எழுதின. பள்ளிப் பாடங்களிலும் அது இடம்பெற்றது.

அது பாதி உண்மையே. தோற்றம் நீங்காதிருப்பதால் மினுக்கம் மறையலாம்; அசைவு எப்படிப் பிறக்கும்? முதற்படம் நீங்காதிருக்க, அதன்மேல் இரண்டாம் படமும் மூன்றாம் படமும் விழுந்தால், நமக்குக் கிடைப்பது ஒன்றன்மேல் ஒன்று படிந்த குழப்பமேயன்றி நடக்கும் மனிதன் அல்லன்.

இதனை 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் தெளிவாக்கினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்று ஒளிர்ந்து மறைந்தபின் மற்றொன்று ஒளிர்கிறது. இடைப்பட்ட நேரம் ஐந்தில் ஒரு வினாடி எனில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டைக் காண்கிறோம். 0.03 வினாடி எனில், இரண்டையும் ஒருங்கே காண்கிறோம். 0.06 வினாடி அளவில் இருக்குமானால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதைக் காண்கிறோம். நகர்ந்தது எதுவும் இல்லை. இயக்கம் பொருளில் நிகழவில்லை, பார்ப்பவரிடத்தில் நிகழ்ந்தது.

சுழல்வட்டில் படங்களை ஓடச் செய்யும் விளையாட்டுக் கருவியை 1832இல் முதன்முதலாக அமைத்தவர்களுள் ஒருவர், மேலே சொன்ன பிளாட்டோ. படம் அசையும் என்று உலகுக்குக் காட்டிய அவர், 1843 அளவில் தம் பார்வையை முற்றும் இழந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள், உடனிருந்தோர் கண்ணாக உதவ, சோப்புப் படலங்களை ஆராய்ந்தார். காண்பது மனம் என்பதற்கு அவர் வாழ்வையும் சான்றாகச் சொல்லலாம்.

திருச்சியில் இரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்றார். பின் 1914இல் எங்கள் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கை எழுப்பினார். இன்றும் ஒரு சாலை அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பேசும் படம் வந்தபின் வினாடிக்கு 24 படங்கள் என்பது முறையாயிற்று. ஆயின் 24 முறை மட்டும் ஒளி விழுந்தால் கண் மினுக்கத்தை உணர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஒளிமறைப்பான் இடையே ஒருமுறை மறித்து இருமுறை காட்டியது. வினாடிக்கு 48 ஒளிவீச்சுகள். பிலிம் சுருள் ஓடிய காலத்தில், மூன்று மணி நேரப் படத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் அரங்கில் இருளே இருந்தது. அந்த இருளில்தான் ஒரு படம் நகர்ந்து அடுத்த படம் வந்தது. நாம் அழுததும் சிரித்ததும் அந்த இருளையும் உள்ளிட்டுத்தான்.

இமையும் மாத்திரையும்

திரையரங்கு வரை செல்ல வேண்டியதில்லை. நம் கண்ணிலேயே இருளும் ஒளியும் மாறிமாறி வருகின்றன. நிமிடத்திற்கு 15 முறை இமைக்கிறோம் என்றும், ஓர் இமைப்பு ஐந்தில் ஒரு வினாடி என்றும் கொண்டால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 48 நிமிடங்கள் இமையின் பின்னே இருக்கிறோம். யாரும் அந்த இருளை அறிந்ததில்லை. இமை மூடும் நேரத்தில் மூளை தன் பார்வை உணர்வையே தணித்துக்கொள்கிறது. விழி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குத் தாவும்போதும் அவ்வாறே. வினாடிக்கு மூன்று முறை அளவில் விழி தாவுகிறது. வீட்டுக்குச் சென்றதும் கண்ணாடி முன் நின்று, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி நோக்குங்கள். உங்கள் விழி நகர்வதை உங்களால் காண இயலாது. அருகில் நிற்பவர் காண்பார்.

தொல்காப்பியர் எழுத்தின் கால அளவாகிய மாத்திரைக்கு எதனை அளவாக வைத்தார் என்பதை இங்கு நினைவுகூர்வோம். கண் இமைத்தலையும் விரல் நொடித்தலையும் வைத்தார். பவணந்தியார் அது மாந்தரிடம் இயல்பாக எழும் இமைப்பாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். நொடியைப் பகுத்தவர்கள், விரலைச் சேர்ப்பதற்கு முன், நொடிக்க நினைக்கும் நினைப்புக்கும் கால் பங்கு ஒதுக்கினார்கள். தொல்காப்பியர் நரம்பியல் அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை; அவ்வாறு சொல்வது அவருக்குப் பெருமையும் அன்று. நான் வியப்பது வேறு. நம் செவிக்குரிய செய்யுளின் அடிப்படை அளவு, நம் கண் ஒன்றும் காணாதிருக்கும் பொழுது. இமைப்பே இல்லாதவர்களாகக் கருதியதால் தேவர்களை ‘இமையவர்’ என்றோம். இமைப்பவர்களாகிய நமக்கே மாத்திரை உண்டு. நமக்கே செய்யுளும் உண்டு.

உறைந்து நின்ற தேநீர்

இடைவெளியை நிரப்பும் இந்த ஆற்றல் போய்விட்டால் என்ன ஆகும்? 1983இல் ஜெர்மன் அறிஞர் யோசெப் ட்சீலும் அவர் தோழர்களும், எல்.எம். என்னும் எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதினர். மூளையின் பின்பகுதியில் இருபுறமும் நேர்ந்த சேதத்தால் அவர் அசைவைக் காணும் திறனை இழந்திருந்தார். நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றினால், தாரை உறைந்த பனிபோல் நின்றது. மட்டம் உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தொலைவில் இருந்த வண்டி, திடீரென்று எதிரே இருந்தது. அறையில் இருந்தவர்கள் நடக்கவில்லை. இங்கே இருந்தார்கள், பின் அங்கே இருந்தார்கள். பேசுவோர் முகத்தின் அசைவு தெரியாமையால் உரையாடலும் அவருக்குத் துன்பமாயிற்று.

நாம் ‘மாயை’ என்று எளிதாகத் தள்ளிவிடும் அந்த நிரப்பலே, ஒரு தாய் தன் குழந்தை ஓடி வருவதைக் காணும் பேறு. அதனை இகழ்தல் கூடாது.

அதனை முற்றும் நம்புதலும் கூடாது. 1989இல் ஆர்னால்டு வில்கின்சும் அவர் தோழர்களும் அலுவலகம் ஒன்றில் குழல் விளக்குகளை ஆராய்ந்தனர். பழைய சோக்கை நீக்கி மினுக்கமற்ற மின்னணு அமைப்பைப் பொருத்தியபோது, தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. கண் காணாத மினுக்கத்தை உடல் அறிந்திருந்தது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியில், சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை அளவில் மாறிமாறி ஒளிர்ந்தன. வலிப்பு முதலிய குறிகளோடு 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிறுவர். இன்று நாம் வாங்கும் எல்.இ.டி. விளக்குகளிலும் தரம் குறைந்தவை மினுங்கவே செய்கின்றன. கைப்பேசியின் படக்கருவியை அவற்றின் முன் பிடித்தால், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பலவேளைகளில் காணலாம்.

இரண்டாம் விளக்கு

கவிஞர்களாகிய உங்களுக்கு இதனால் ஆவது என்ன? தொல்காப்பியர் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளை எண்ணினார். மாத்திரையில் தொடங்கிய அவ்வெண்ணிக்கையில் ‘எச்சம்’ என்பதும் ஓர் உறுப்பு. சொல்லாமல் விட்டதும் செய்யுளின் உறுப்பே. சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் அதனை நிறைவு செய்வர். இரு கோடுகளுக்கு இடையே இல்லாத இயக்கத்தைக் காணும் மனமே, இரு சொற்களுக்கு இடையே சொல்லாத பொருளையும் காண்கிறது. ஆயின் அளவு உண்டு. இடைவெளி மிகக் குறுகினால் இரண்டும் ஒன்றாகி விடும். மிக நீண்டால் இரண்டும் தனித்தனியே நின்றுவிடும். எவ்வளவு விடுவது என்பதே கவிஞரின் கணக்கு.

இரண்டாவது செய்தியை என் தந்தையாரிடமிருந்தே சொல்ல வேண்டும். விரல் இழந்தபின் அவர் மேலும் பல ஆண்டுகள் அதே தொழிலைச் செய்தார். அவருடைய கருவிப் பெட்டியில் இரண்டு பேட்டரிக் கட்டைகள் போட்ட டார்ச் விளக்கு ஒன்று எப்போதும் இருக்கும். கை நீட்டுமுன் அதனைச் சக்கரத்தின்மேல் அடித்துப் பார்ப்பார். பேட்டரி விளக்கு மினுங்குவதில்லை. சுழலும் சக்கரம் அதன் ஒளியில் கலங்கித் தெரிந்துவிடும். “ஒரு வெளக்க நம்பக் கூடாது, அம்மிணி” என்பார்.

நாம் எழுதிய கவிதையை நாம் பார்ப்பது ஒரே விளக்கில். நம் மனத்தின் துடிப்பும் நம் குறையின் சுழற்சியும் ஒத்துப்போய்விட்டால், குறை நின்றுவிட்டதுபோலத் தெரியும். எத்தனை முறை படித்தாலும் தெரியாது. வேறொருவரின் விளக்கு வேண்டும். இந்த அவையில் நான் படித்த முதற் கட்டுரையை நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பின் முழுமையாகத் திருத்தி எழுதினேன். அன்று சற்று வருந்தினேன் என்பதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன். பத்து ஆண்டுகளாக மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுத்தின்மேல் மற்றவர் ஒளி பாய்ச்சி வந்த இவ்வட்டம், பலருக்கும் அந்த இரண்டாம் விளக்காக இருந்து வந்திருக்கிறது. அது மேலும் பல்லாண்டு எரிய வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

என் தந்தையார் இன்று இல்லை. அவர் சொன்ன விடுகதையை இந்த அவையில் விடுவித்துவிட்டேன்.